எச்சரிக்கை மேடை: சில சுயவிமர்சனக் குறிப்புகள்

1

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து ரமணாசிரமத்தை ஒட்டி உள்ளே பிரிகிற தெருக்களில் ஒன்றில், சில வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன மண்டபத்தில் நான் பேசினேன். தலைப்பு, 'ஆன்மிகத்தின் பெயரால்: பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை'. கூப்பிட்டவர்கள் உள்ளூர்த் தோழர்கள். எழுபது எண்பது பேர் வந்திருந்தார்கள். மௌனத்தையே போதனையாக வைத்திருந்த ஒருவரால் பேர் பெற்ற இடத்தில் நான் மைக் பிடித்து ஒன்றரை மணி நேரம் பேசினேன். அந்த முரண் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

ரமணாசிரமம் என்று இங்கே எழுதுவது தபால்காரரும் ஆட்டோக்காரரும் சொல்கிற அர்த்தத்தில். அது ஒரு பகுதியின் பெயர். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி இந்த ஊருக்கு வந்த பையன் ஒருவர், 1922இல் தாயின் சமாதியை ஒட்டி மலையடிவாரத்தில் தங்கினார். அந்த இடத்தைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்தது. 1934இல் பால் பிரண்டனின் புத்தகம் வெளிவந்தபின் வெளிநாட்டார் வரத்து கூடியது. 1950இல் ரமணர் மறைந்த பிறகும் அது குறையவில்லை. இன்றைக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகப் பெரியதும் சிறியதுமாக ஆசிரமங்கள். ஓட்டல் சுவர்களில் சத்சங்க நோட்டீஸ்கள். மாடிக்கு மாடி வாடகை அறை. இந்தப் பொருளாதாரத்தில் பாத்திரம் தேய்ப்பவர்களும் அறை பெருக்குபவர்களும் ஊர்க்காரப் பெண்கள்.

பேச்சின் நடுவில் விபூதி வரவழைத்தேன். சாம்பலைச் சோற்றுக் கஞ்சியில் பிசைந்து உருட்டி வெயிலில் காயவைத்த உருண்டை. கட்டைவிரல் இடுக்கில் ஒளித்து, கையைச் சுழற்றும்போது நொறுக்கினால் கொட்டும். கைதட்டல். நாக்கில் கற்பூரம் எரித்தேன். சிரிப்பு. பிறகு சாமியார்கள் பட்டியல், அவர்கள் மீதான வழக்குகள், சொத்து விவரம். கூட்டம் நல்ல கூட்டம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா ஓரமாக நின்றிருந்தார். அந்தப் பகுதி வீடுகளில் வேலை செய்பவர். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

"நீங்க பேசினது எல்லாம் நெசந்தான் சார். இதையேதான் நானும் எம்பொண்ணுகிட்ட சொன்னேன். கள்ளச்சாமி, பித்தலாட்டம், உன்ன முட்டாளாக்கிட்டான்னு சொன்னேன். அன்னியிலேர்ந்து அவ போன் எடுக்கிறதில்ல. இப்ப நான் இன்னா பண்ணட்டும்?"

போலீசில் புகார் கொடுக்கலாமே என்றேன். "மேஜர் ஆயிட்டா சார். அவளா விரும்பித்தான் போனா" என்றார். என் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த இயக்கத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். எழுதினால் அந்தப் பெண் யாரென்று தெரிந்துவிடும்.

பஸ்ஸில் வரும்போதுதான் அந்த வாக்கியத்தின் முழு அர்த்தம் பிடிபட்டது. என் பேச்சின் சுருக்கத்தை அந்த அம்மா எனக்கு முன்பே நிகழ்த்திப் பார்த்துவிட்டார். அதன் விளைவையும் அனுபவித்துவிட்டார். நான் எச்சரிக்கை என்று வழங்கியது, அவர் வீட்டில் கதவை அடைத்த அதே சொற்கள். இந்தக் கட்டுரை அந்தச் சொற்களைப் பற்றியது. எச்சரிக்கைப் பேச்சு என்பதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அது யாரைப் பார்த்துப் பேசுகிறது, யாரைப் பார்க்காமல் விடுகிறது என்று கேட்க முயல்கிறேன்.

2

இந்தப் பிரதிக்கு ஒரு வம்சாவளி உண்டு. அதை மரியாதையுடன்தான் சொல்ல வேண்டும்.

ஆபிரகாம் கோவூர் திருவல்லாவில் ஒரு பாதிரியாரின் மகனாக 1898இல் பிறந்தவர். இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்தார். ஓய்வுபெற்றபின், 1963இல், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்ச ரூபாய் என்று அறைகூவல் விட்டார். 1978இல் சாகும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அதைத் தொடர்ந்தவர் கோவை போத்தனூரில் இருந்த பி. பிரேமானந்த். ஊர் ஊராகப் போய்ச் சாமியார்களின் வித்தைகளைச் செய்து காட்டி, எப்படிச் செய்வதென்று சொல்லிக்கொடுத்தார். காற்றிலிருந்து தங்கம் வரவழைப்பவர் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வாங்கினாரா என்று சத்ய சாயிபாபா மீது 1986இல் வழக்குப் போட்டார், அது தள்ளுபடியானது. 2009 அக்டோபரில் மறைந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு, கடைசி நேரத்தில் தான் பக்தனாகிவிட்டதாக யாரும் கதை கட்டக்கூடாது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு கிளை இருக்கிறது. திராவிடர் கழகத்தின் 'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சிகள், கறுப்புச் சட்டைத் தோழர்களின் தீமிதி, அலகு குத்திக் கார் இழுத்தல் ஆகியவை. தெருவிலேயே, சாதாரண ஜனங்களின் கண்ணெதிரில், சாமியின் உடைமையாக இருந்த ஒன்றை மனிதனின் உடம்புக்கு மீட்டுக்கொடுத்த நிகழ்வுகள் இவை. இதைச் செய்ததற்காக உயிர் விட்டவர்களும் உண்டு. 2013 ஆகஸ்ட் 20 காலையில் புனேயில் நடைப்பயிற்சிக்குப் போன நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகே அவர் பல வருஷம் கேட்ட சட்டம் மகாராஷ்டிரத்தில் நிறைவேறியது. ஆகவே மேடையை நான் விமர்சிப்பது, மேடையே வேண்டாம் என்பவர்களுக்கு ஆயுதம் தருவதற்காக அல்ல.

ஆனால் இந்தப் பேச்சின் அமைப்பைப் பாருங்கள். அதில் மூன்று அங்கம். ஒன்று வித்தை: அற்புதம் போலி என்று நிரூபிப்பது. இரண்டு சிரிப்பு: நம்பியவன் ஏமாளி என்று கூட்டம் சேர்ந்து சிரிப்பது. மூன்று அசிங்கம்: சாமியாரின் படுக்கையறை, சொத்து. இந்த மூன்றிலும் மையத்தில் இருப்பவர் சாமியார்தான். நம்புகிறவர் ஒரு முகமில்லாத பன்மையாக, 'மக்கள்' என்றோ 'ஏமாளிகள்' என்றோ வந்துபோகிறார். குருவின் சொல்லாடலில் சீடனுக்கு எவ்வளவு இடமோ, ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் நமது எதிர்ச்சொல்லாடலிலும் அவனுக்குக் கிடைக்கிறது.

3

இதன் விலை என்ன என்பதற்கு ஃபாத்திமா நகரைச் சொல்ல வேண்டும்.

பிரேமானந்தா (மேலே சொன்ன பிரேமானந்த் இல்லை, பெயர் ஒற்றுமை வரலாற்றின் கிண்டல்) இலங்கை மாத்தளையில் ஆசிரமம் வைத்திருந்தவர். 1983 கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்தார். கூடவே பெற்றோரை இழந்த பிள்ளைகளும் வந்தார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் ஆசிரமம் எழுந்தது. சிவராத்திரிக்கு வாயிலிருந்து லிங்கம் எடுப்பதும் கையிலிருந்து விபூதி கொட்டுவதும் அவரது பேர்போன அற்புதங்கள்.

இப்போது நமது மேடையை அங்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். லிங்கம் எப்படித் தொண்டைக்குள் போய் வெளியே வருகிறது என்று நாம் அழகாக விளக்கியிருப்போம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஆசிரமத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி லிங்கத்தைப் பற்றியதா? நாடும் வீடும் பெற்றோரும் போய், திரும்பிப் போக முகவரி இல்லாத பெண்பிள்ளைகள் இரவில் எங்கே தூங்குகிறார்கள், அவர்கள் அறையின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது, அவர்களுக்கு ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வார்கள் என்பவைதான் கேள்விகள். லிங்கம் அசலாகவே இருந்தாலும் இந்தக் கேள்விகள் மாறப்போவதில்லை.

1994இல் அந்த ஆசிரமம் அம்பலமானது, உள்ளே இருந்த பெண்கள் தப்பி வெளியே வந்து பேசியதால். அவர்கள் பேசியதைச் சிலர் காதுகொடுத்துக் கேட்டதால். பிறகு ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தின் மரபணுச் சோதனை வந்தது. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 13 பெண்களைப் பலாத்காரம் செய்ததற்கும், ஆசிரமத்தில் இருந்த ஓர் இளைஞரின் கொலைக்கும் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2011 பிப்ரவரியில், தண்டனைக் காலத்திலேயே அவர் இறந்தார். விஞ்ஞானம் இங்கே வேலை செய்தது; ஆனால் அது ஒரு பெண்ணின் வாக்குமூலத்துக்குப் பின்னால், அதற்குத் துணையாக வந்தது. நமது மேடையில் விஞ்ஞானம் வாக்குமூலத்துக்குப் பதிலாக வந்து நிற்கிறது.

ஹரியானாவில் சிர்சாவை எடுத்துக்கொண்டாலும் இதேதான். 2002இல் பெயர் போடாத ஒரு சாத்வியின் கடிதம். 'பூரா சச்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் ராம்சந்தர் சத்ரபதி அதை அச்சிட்டார். அக்டோபரில் அவர் சுடப்பட்டார், நவம்பரில் இறந்தார். தேரா சச்சா சௌதாவின் குர்மீத் ராம் ரஹீமுக்குப் பலாத்கார வழக்கில் தண்டனை கிடைத்தது 2017 ஆகஸ்டில். பதினைந்து வருஷம். அந்தப் பத்திரிகைக்காரர் எந்த வித்தையையும் அம்பலப்படுத்தவில்லை. ஒரு பெண் எழுதியதை அவள் எழுதியதாகவே பதிப்பித்தார்.

4

மூன்றாவது அங்கமான அசிங்கத்துக்கு வருகிறேன்.

2010 மார்ச் 2ஆம் தேதி இரவு சன் டிவியில் நித்யானந்தாவின் படுக்கையறைக் காட்சி என்று ஒன்று ஒளிபரப்பானபோது நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியின் டிவி அறையில் நிற்க இடமில்லை. அவர் இந்தத் திருவண்ணாமலையில் பிறந்தவர் என்பதால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கூடுதல் குஷி. நானும் சிரித்தேன். பகுத்தறிவு வென்ற இரவு என்றுகூட நினைத்தேன்.

இப்போது திரும்பிப் பார்க்கையில் அந்த ஒளிபரப்பு எதை எச்சரித்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. வயது வந்த ஓர் ஆணும் பெண்ணும் அறைக்குள் இருந்ததை நாடே பார்த்தது. அதில் குற்றமாகக் காட்டப்பட்டது, பிரம்மச்சரியம் கலைந்தது என்பது. அதாவது சாமியார் ஒழுங்கான சாமியாராக இல்லை என்ற புகார். சாமியார் என்ற இடத்தின் புனிதத்தை அது கேள்வி கேட்கவே இல்லை, உறுதிதான் செய்தது. மாதக்கணக்கில் சந்தி சிரித்தது ஒரு நடிகையின் பெயரும் உடம்பும். படத்தில் இருப்பது தாங்கள் இல்லை என்று அவர்கள் தரப்பில் மறுத்தார்கள். விவாதம் படம் அசலா போலியா என்பதற்குள் சுருங்கியது. திரும்பவும் வித்தைக் கேள்விதான்.

2012 ஏப்ரலில் அவர் மதுரை ஆதீனத்தின் 293ஆவது பட்டத்துக்கு அறிவிக்கப்பட்டார். ஒளிபரப்பு நடந்து இரண்டு வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. அக்டோபரில் நீக்கப்பட்டார் என்றாலும், அசிங்கம் என்ற எச்சரிக்கையின் ஆயுள் எவ்வளவு என்பதற்கு இது போதும்.

இதைவிட முக்கியமானது 2019 நவம்பர். பெற்றோர் தாங்களே அந்த அமைப்பின் பள்ளியில் சேர்த்துவிட்ட பிள்ளைகளைக் கேட்டு குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வயது வந்த இரு மகள்களும் தாங்கள் விரும்பியே இருப்பதாகச் சொன்னார்கள். 2024 பிப்ரவரியில் மனு முடித்துவைக்கப்பட்டது. அதே 2024 அக்டோபரில், கோவை ஈஷா மையத்தில் துறவு பூண்ட இரு மகள்களுக்காகத் தந்தை போட்ட ஆட்கொணர்வு மனுவை உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது; இருவரும் வயது வந்தவர்கள், தங்கள் விருப்பத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்பதே காரணம். அமைப்புகள் வேறு, வழக்குகள் வேறு, ஒன்றோடொன்றை நான் முடிச்சுப் போடவில்லை. நீதிமன்றம் வேறு எதுவும் செய்திருக்கவும் முடியாது, செய்யவும் கூடாது. வயது வந்த பெண்ணை அப்பன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வா என்று உத்தரவிடும் சட்டம் நாளைக்கே சாதி மறுப்புத் திருமணம் செய்தவளின் கழுத்துக்கு வரும். இதை இந்த மாநிலத்தில் நாம் மறந்துவிடக் கூடாது.

ஆக, மேடைக்குத் தெரிந்தவள் 'ஏமாந்தவள்'. சட்டத்துக்குத் தெரிந்தவள் 'விரும்பியவள்'. இந்த இருமை எதிர்வுக்கு நடுவில்தான் அந்த அம்மாவின் கேள்வி நின்றுகொண்டிருந்தது. அவருடைய மகள் விரும்பித்தான் போனாள். விருப்பம் எங்கிருந்து வந்தது, நாளைக்கு அது மாறினால் அவள் எந்த வாசலில் வந்து நிற்பாள்? இதற்கு இரண்டிலும் பதில் இல்லை.

5

விருப்பம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அல்தூஸர் 1970இல் எழுதிய கட்டுரையின் விளித்தல் என்ற கருத்து உதவும். தெருவில் ஒருவனை 'ஏய்' என்று அழைக்கிறார்கள், அவன் திரும்புகிறான், திரும்பும் அந்தக் கணத்தில் அவன் ஒரு தன்னிலையாகிறான். ஃபூக்கோ மேய்ப்பர் அதிகாரம் என்று சொன்னதும் இங்கே பொருந்தும். மந்தையை மொத்தமாகவும், ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியாகவும் அறிந்து பராமரிக்கிற அதிகாரம் அது.

பிற்பாடு அந்த அம்மா போனில் சொன்ன ஒரு விஷயம். மகள் ஒரு கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். நாள் பூரா நிற்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. முதல் தடவை அந்த இடத்துக்குப் போனபோது வாசலில் ஒருவர், "வாங்கம்மா, சாப்டீங்களா, முகம் வாடியிருக்கே" என்றாராம். "அத்த சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிச்சு சார். நான் ஒரு நாள் அப்டி கேட்டதில்ல."

அந்தக் கேள்வி பொய்யாக இருக்கலாம், பயிற்சியில் வந்ததாக இருக்கலாம். ஆனால் அது அவளைப் பார்த்துக் கேட்கப்பட்டது. எனது மேடை அவளை எப்படி விளித்தது? 'மூளையை அடகு வைத்தவர்களே' என்று. அவள் எதற்காகத் திரும்பிப் பார்ப்பாள்? உள்ளே இருப்பவளுக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார்கள்: வெளியே இருப்பவர்கள் உன்னைக் கேலி செய்வார்கள், உன் வீட்டாரே உன்னைப் பைத்தியம் என்பார்கள். நமது பேச்சு அந்தத் தீர்க்கதரிசனத்தை நிறைவேற்றி வைக்கிறது. குருவின் அற்புதங்களில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பலிக்கிற ஒரே அற்புதம் இது. அதை நடத்திக்கொடுப்பவர்கள் நாம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேடையில் நிற்கும்போது எனக்கு ஒரு போதை இருந்தது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்பதன் போதை. கேள்வி நேரத்தில் எதிர்த்துக் கேட்ட பையனைக் கிண்டலடித்து உட்கார வைத்திருக்கிறேன்; கூட்டம் கைதட்டியிருக்கிறது. பெரியார் கூட்டங்களில் தான் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னதை நாம் அவரது பண்பு என்று பாராட்டி முடித்துவிட்டோம். குரு என்ற இடத்தைக் காலியாக வைத்திருப்பதற்கான செய்முறை அது என்று நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

6

தோழர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ பேசறது பக்தி மார்க்கத்துக்குப் பாய் விரிக்கிற வேலை. தபோல்கரைக் கொன்னவங்க சந்தோஷப்படுவாங்க." இந்த எதிர்ப்பை லேசாகத் தள்ள முடியாது. மத நிறுவனங்களுக்குப் பின்னால் நிலமும் பணமும் ஆட்சியும் திரண்டு நிற்கிற காலத்தில் 'புரிந்துகொள்வோம்' என்பது சரணாகதியின் மறுபெயராகிவிடலாம். என் பதில்: நிறுவனத்தோடு சண்டை கூடட்டும். எந்தப் பட்டா நிலத்தில் கட்டிடம், எந்தச் சட்டப்படி பள்ளி, சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்க்க யாருக்கு உரிமை என்று மேடையில் கேட்போம். இவை லிங்கத்தைவிட அவர்களைத் தைக்கிற கேள்விகள். சீடனோடு சண்டை வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

கோவூரிடமே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. அவர் அறைகூவல் விட்டவர் மட்டுமல்ல. பேய் பிடித்தவர்கள், தெய்வம் ஏறியவர்கள் என்று கூட்டிவரப்பட்டவர்களை உட்காரவைத்து, அவர்கள் வாழ்க்கையைக் கேட்டு, ஒவ்வொரு நிகழ்வையும் எழுதிவைத்தவர். அந்தக் குறிப்புகளில் ஒன்றுதான் 1972இல் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' என்றும் அடுத்த வருஷம் தமிழில் 'மறுபிறவி' என்றும் சினிமாவானது. அவரது வாழ்க்கையில் பாதி சவால், பாதி கேட்டல். நாம் ஒரு லட்ச ரூபாயை ஞாபகம் வைத்துக்கொண்டோம். நாற்காலியை மறந்துவிட்டோம்.

இப்போதும் கூட்டம் பேசுகிறேன். விபூதி உருண்டையும் பையில் இருக்கிறது; பிள்ளைகள் கேட்டால் செய்து காட்டுகிறேன், எப்படி என்று அவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் முதல் அரைமணி நேரம் நான் பேசுவதில்லை. உள்ளே இருந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், விருப்பப்பட்டால், அவர்கள் பேசுகிறார்கள். பெயர் கேட்பதில்லை, படம் எடுப்பதில்லை. யாரும் பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். பெற்றோர்களுக்கு நான் சொல்வது மூன்றுதான். போன் நம்பரை மாற்றாதீர்கள். சாமியாரைப் பற்றிப் பேசாதீர்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். வந்தால் ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். இது போதாது என்று தெரியும். இந்த மூன்றில் இரண்டை நான் அந்த அம்மாவிடமிருந்து கற்றேன்.

போன கார்த்திகை தீபத்துக்கு அவர் மகள் வீட்டுக்கு வந்திருந்தாளாம். கிரிவலம் வந்த ஜனக்கூட்டத்தில் ஒரு மணி நேரம் மட்டும். "நான் ஒண்ணும் கேக்கல சார். சோறு போட்டேன். சாப்ட்டுட்டு தட்ட அவளே கழுவி கவுத்துட்டுப் போனா, இங்கியே இருந்த மாதிரி." திரும்ப வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போன் மட்டும் எடுக்கிறாள்.